பெங்களூரில் பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்க நினைக்கிறவர்களுக்கு: பத்திரம் முதல், பெயிண்ட் கடைசி

பழைய வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுகிற நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இதை ரெடி பண்ண எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, விற்கிறவருக்கு விற்க முழு உரிமை இருக்கிறதா என்பது. இரண்டாவது, இந்த வீட்டில் மழைத் தண்ணீர் எங்கே விழுந்து எங்கே போகிறது என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் போட்ட செலவுக் கணக்கு எதுவும் நின்று நான் பார்த்ததில்லை.

பதினான்கு வருடத்தில் பெங்களூரில் மூன்று பழைய வீடுகளை வாங்கிச் சரிசெய்திருக்கிறேன். மர்ஃபி டவுனில் ஒன்று, காக்ஸ் டவுனில் ஓட்டு வீடு ஒன்று, ஸ்ரீராமபுரத்தில் இரண்டு போர்ஷன் உள்ள மாடி வீடு ஒன்று. காக்ஸ் டவுன் வீட்டை விற்றுவிட்டேன், மற்ற இரண்டும் வாடகையில் இருக்கின்றன. அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் என்று நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பக்கங்களில் இப்போது நிறைய பழைய வீடுகள் விலைக்கு வருகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் அபார்ட்மென்ட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்படி ஒன்றில் கை வைக்க நினைக்கிறவர்களுக்காக, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசையில் சொல்கிறேன்.

வீட்டின் வயசைத் தெரிந்துகொள்ளுங்கள்

வயசு தெரிந்தால்தான் சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, பத்திரம் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் புரியும். ஆங்கிலேயர்கள் 1809-ல் இங்கே கன்டோன்மென்ட், அதாவது ராணுவ முகாம் அமைத்தார்கள், அந்தப் படையோடும் அதற்கான வேலைகளோடும்தான் தமிழ்க் குடும்பங்கள் பெரிய அளவில் இந்தப் பக்கம் வந்தன. 1898 பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசலைக் குறைக்க பசவனகுடியும் மல்லேஸ்வரமும் உருவாயின. கன்டோன்மென்ட் பகுதி 1947 வரை மைசூர் அரசின் கையில் இல்லை, ஆங்கிலேயர் நிர்வாகத்தில் தனியாக இருந்தது. அதனால் காக்ஸ் டவுன் பக்கத்து மூலப்பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், மல்லேஸ்வரம், சாமராஜ்பேட்டை பக்கம் போனால் பழைய கன்னடக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் உங்களுக்கு வேண்டும்.

கட்டுமானத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். சுதந்திரத்துக்கு முந்தைய வீடுகளில் மண் அல்லது சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கனமான சுவர், மேலே மங்களூர் ஓடு, இல்லாவிட்டால் மர உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளம். அதற்கு அடுத்து, கருங்கல் பலகைகளைப் பரப்பிய கூரை அல்லது ஆரம்பகால கான்கிரீட் தளம் உள்ள வீடுகள். பிறகு எழுபது, எண்பதுகளில் வந்த ஆர்.சி.சி., அதாவது இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் வீடுகள். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் வீடு கெடும், அதை நான் மர்ஃபி டவுனில் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கீழே சொல்கிறேன்.

பத்திரம்

இங்கே அவசரப்படவே கூடாது. பழைய வீட்டில் வருகிற பெரிய நஷ்டம் இடிந்த கூரையால் வருவதைவிட, கையெழுத்து போடாத ஒரு அக்காவால் வருவதுதான் அதிகம்.

மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒரு சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்றிதழை முப்பது வருடத்துக்காவது எடுங்கள். 2004 ஏப்ரலுக்குப் பிறகு உள்ளதைப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்திலேயே பார்க்கலாம், அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆனால் ஈ.சி.யில் பதிவான விஷயம் மட்டும்தான் தெரியும். பதிவு செய்யாத உயில், வாய்வழியாக நடந்த பாகப்பிரிவினை, பத்திரத்தை அடகு வைத்து வாங்கிய கைமாற்று, உள்ளே குடியிருப்பவரின் உரிமை எதுவும் அதில் வராது. அதனால் அசல் பத்திரம் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று தெரிகிற வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாரிசு விஷயத்துக்கு வருகிறேன். இந்துக் குடும்பத்தில் அப்பா தானே சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956 வாரிசுச் சட்டப்படியே மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் உயிரோடிருந்தால் அவரும், எல்லோரும் பங்குதாரர்கள். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று 2005 சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம் குடும்பம் என்றால் அவர்களுடைய தனிச் சட்டம். கன்டோன்மென்ட் பக்கம் இந்த மூன்று வகை வீடுகளும் ஒரே தெருவில் இருக்கும்.

காக்ஸ் டவுன் வீட்டைப் பேசும்போது மூன்று அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து, "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே நகையாகச் செய்தாகிவிட்டது, அவள் கேட்க மாட்டாள்" என்றார்கள். உண்மையிலேயே அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் நான் கோலார் தங்கவயலுக்குப் போய் அவரைப் பார்த்து, அவரும் பதிவுக்கு வந்து கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், அதற்கு இரண்டு மாதம் தாமதமானது. அந்த இரண்டு மாதம் கொடுத்த நிம்மதிக்கு விலை கிடையாது.

காத்தா என்பது வரி கட்டுவதற்கான கணக்கு, அது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் 2024 அக்டோபரிலிருந்து மாநகராட்சி எல்லைக்குள் இ-காத்தா, அதாவது கணினியில் ஏறிய காத்தா இல்லாமல் பதிவு நடப்பதில்லை. 2025 செப்டம்பரில் பழைய ஒரே மாநகராட்சி போய் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்திருப்பதால், உங்கள் வீடு எந்த மாநகராட்சியில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பி காத்தா, அதாவது முறையான அனுமதி இல்லாத சொத்துக்கான தனிக் கணக்கில் உள்ள வீடு என்றால் வங்கிக் கடனும் மேலே கட்டுவதற்கான பிளான் அனுமதியும் சிரமம், விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும். பவர் ஆஃப் அட்டர்னியை மட்டும் வைத்து விற்ற வீடு என்றால் விலகிவிடுங்கள், அது விற்பனை ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் போக்கியம். இங்கே லீசு என்று சொல்வார்கள். பத்து லட்சமோ பன்னிரண்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கிறவர் உள்ளே இருந்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் வர வேண்டும். வாங்குகிறவர் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று விசாரித்திருக்க வேண்டும் என்றுதான் சட்டமே எதிர்பார்க்கிறது, "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது. நான் எப்போதும் வீடு காலியான பிறகே பதிவுக்குப் போவேன்.

குடிநீர் வாரியத்தின் பாக்கி, பெஸ்காம் மின்சாரப் பாக்கி, சொத்து வரி பாக்கி மூன்றுக்கும் கடைசி ரசீதைக் கேளுங்கள். மாஸ்டர் பிளானில் அந்தத் தெருவுக்கு அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா, பக்கத்தில் ராஜகால்வாய், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய் போகிறதா என்று பாருங்கள். முன்னால் உள்ள பத்து அடி நாளை ரோட்டுக்குப் போகும் என்றால் நீங்கள் வாங்குவது வேறு வீடு. இதெல்லாம் முடிந்ததும் ஒரு கன்னடப் பத்திரிகையிலும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் வக்கீல் மூலமாக அறிவிப்பு கொடுத்து, யாருக்காவது ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சின்னச் செலவு அது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

ஒரு முறை பகலில், ஒரு முறை மழையில். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழையில் பார்த்த வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிவதை ஏப்ரலில் பத்து முறை பார்த்தாலும் தெரிந்துகொள்ள முடியாது. மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது என்றால், கூரையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். விற்கிறவர் மறுத்தால் அதுவே ஒரு பதில்.

கையில் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன சுத்தியல் போதும். மர உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பு மாதிரி இருக்கிற தேக்கு கூட அந்த முனையில் மக்கிப் போயிருக்கும், ஏனென்றால் ஈரம் சுவரின் வழியே அங்கேதான் வருகிறது. ஆர்.சி.சி. தளம் என்றால் அடியிலிருந்து சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். டங் என்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட் விட்டுப் போயிருக்கிறது. சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. புதிதாக பெயிண்ட் அடித்த வீட்டில் இதெல்லாம் மறைந்திருக்கும், அதனால் விற்பதற்காக அவசரமாக வெள்ளையடித்த வீட்டைவிட அழுக்காகக் கிடக்கிற வீடே எனக்குப் பிடிக்கும்.

வெளியே வந்து ரோட்டின் மட்டத்தைப் பாருங்கள். வருடா வருடம் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, பழைய வீட்டு வாசல் பள்ளத்தில் போயிருப்பது இந்த ஊரில் சகஜம். சாக்கடைச் சேம்பர் மூடியைத் திறந்து, உள்ளே குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றச் சொல்லி, எவ்வளவு நேரத்தில் வந்து சேருகிறது என்று கவனியுங்கள். தெருவின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். அல்சூர், மர்ஃபி டவுன் சந்துகளில் லாரி வராது. மணல், ஜல்லி, இடிபாடு எல்லாம் சின்ன டெம்போவிலும் தலைச்சுமையிலும்தான் போய் வரும், கூலி ஏறும், பக்கத்து வீட்டுக்காரர்களின் பொறுமையும் வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அவர்களிடம் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கான்ட்ராக்டர் வேண்டாம், அவருக்கு வேலை வர வேண்டும்.

கணக்கு

ஒரு உதாரணம் போடுகிறேன், எண்கள் எல்லாம் கற்பனை, உங்கள் எண்ணை வைத்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு விலை 1 கோடியே 20 லட்சம். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன் மேல் செஸ், சர்சார்ஜ் சேர்ந்து 0.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2 சதவீதம். மொத்தம் 7.6, அதாவது 9 லட்சத்து 12 ஆயிரம். தரகு 1 சதவீதம் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். புதுப்பிக்க 22 லட்சம் என்று இன்ஜினியர் சொன்னால், அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு, 4 லட்சத்து 40 ஆயிரம், எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள், பழைய வீட்டில் அது நிச்சயம் செலவாகும். 70 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, எட்டு மாதம் வீடு காலியாக இருக்கும் என்றால் வட்டி மட்டும் 4 லட்சத்து 20 ஆயிரம். ஆக கிட்டத்தட்ட 1 கோடியே 61 லட்சம்.

இப்போது இரண்டு போர்ஷன், தலா 28,000 வாடகை. வருடத்துக்கு 6 லட்சத்து 72 ஆயிரம். ஒரு மாத வாடகையை வரிக்கும் பராமரிப்புக்கும் கழித்தால் கையில் நிற்பது சுமார் 3.8 சதவீதம். கடனுக்கு 9 சதவீதம் கட்டுகிறோம். இதை நன்றாகப் பாருங்கள்: வாடகை கடனை அடைக்காது. பழைய வீட்டில் லாபம் வாங்குகிற விலையிலும் நிலத்திலும், செலவைக் கட்டுக்குள் வைப்பதிலும்தான் இருக்கிறது. முழுக்கக் கடனில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். 75 லட்சத்துக்கு மேல் வீட்டுக் கடன் என்றால் வங்கி சொத்தின் மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கொடுக்கலாம், அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் சேராது. அதோடு பழைய கட்டடம் என்றால் வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்துக்கு மிகக் குறைவாகவே போடுவார். கைப்பணம் நீங்கள் நினைத்ததைவிட அதிகம் வேண்டும்.

வாங்கும் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை டி.டி.எஸ். பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குகிறவரின் பொறுப்பு. விற்கிறவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்குப் பிடிக்க வேண்டியது வேறு கணக்கு, அதிகம். ஆடிட்டரிடம் கேட்காமல் செக் எழுதாதீர்கள்.

வேலை: மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே

ஜனவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் கூரையை முடிக்கிற மாதிரித் திட்டமிடுங்கள். நம் கொத்தனார்கள் நிறையப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கத்திலிருந்து வருகிறவர்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வாரம் பத்து நாள் ஆகும். அதைக் கணக்கில் வைத்துப் பொங்கலுக்குப் பிறகு சாரம் கட்டச் சொல்லுங்கள்.

மங்களூர் ஓட்டுக் கூரை என்றால் ஓட்டை இறக்கி, உடையாததை அடுக்கி வைத்து, கைமரத்தையும், ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டங்களையும் பாருங்கள். மக்கியதை மட்டும் மாற்றுங்கள். ஓடு வாங்கும்போது பழைய ஓட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து எத்தனையோ கம்பெனிகள் ஓடு செய்திருக்கின்றன, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்று சரியாக உட்காராது, உட்காராத இடத்தில்தான் ஒழுகும்.

மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் கான்கிரீட் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஏற்கெனவே தாங்குகிற எடைக்கு மேல் போகும். மேலே உள்ள பழைய சுர்க்கியை, அதாவது செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பத்து அடிக்கு ஒன்றரை இரண்டு அங்குலம் வாட்டம் வைத்துத் திரும்பப் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் அந்தத் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன், அதைச் சுவர்கள் சந்திக்கிற மூலையிலோ தனி ஸ்டாண்டிலோ வையுங்கள். ஆர்.சி.சி. தளம் என்றால் விட்டுப்போன கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். துருவின் மேல் சிமெண்ட் பூசி மறைப்பது இரண்டு மழைகூடத் தாங்காது.

இப்போது சுவர், நான் தவறு செய்த இடம். மர்ஃபி டவுன் வீட்டின் சுவர் மண் சாந்தில் கட்டியது, பூச்சு சுண்ணாம்பு. அடியில் உப்புப் பூத்திருந்தது. கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் கொத்திவிட்டு நல்ல கெட்டியாக சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துக் கொடுத்தார், கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் பூச்சு உப்பிக்கொண்டு தட்டுத் தட்டாக விழுந்தது. காரணம் இதுதான்: பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு காற்றில் விட்டுவிடும், சுண்ணாம்பு அதற்கு வழி விடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன, ஈரம் உள்ளேயே நின்று உப்பைக் கொண்டுவந்து பூச்சைத் தள்ளுகிறது. இரண்டாம் முறை ஒரு பெரியவரைத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து அழைத்து வந்து சுண்ணாம்பை இரண்டு வாரத்துக்கு மேல் ஊற வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினோம். அதற்கு மேல் சுண்ணாம்பு வெள்ளை மட்டும். இன்று வரை அந்தச் சுவர் நிற்கிறது. பழைய சுவருக்கு அவசரமான வைத்தியம் கிடையாது, முதலில் ஈரம் வருகிற வழியை அடைத்துவிடுங்கள், அதாவது வெளியே மண் மட்டத்தைக் குறையுங்கள், ஒழுகுகிற குழாயை மாற்றுங்கள், சுவரோரம் தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுங்கள், சில மாதம் காய விடுங்கள், அப்புறம் பூசுங்கள்.

சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பழைய வீட்டில் தூண் கிடையாது, சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. இன்ஜினியர் கணக்குப் போட்டு இரும்பு பீம் கொடுக்காமல் ஒரு செங்கல்லையும் எடுக்காதீர்கள். அதே காரணத்தால் பழைய சுவரின் மேல் இன்னொரு மாடி என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பூச்சு, தரை, பெயிண்ட், ஓடு மாற்றுவது எல்லாம் பழுது பார்க்கிற வேலை. அறை கூட்டுவது, மாடி எடுப்பது, வெளிச்சுவரை நகர்த்துவது என்றால் பிளான் அனுமதி வேண்டும்.

சாக்கடைக் குழாய், தண்ணீர்க் குழாய், ஒயரிங் மூன்றையும் முழுசாக மாற்றுங்கள், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் உள்ளே துருவேறி விரல் நுழையாத அளவுக்கு அடைத்திருக்கும். மண் குழாய்ச் சாக்கடை இருந்தால் அதன் மூட்டுகளில் மரவேர் போயிருக்கும். ஒயரிங்கில் விளக்குக்கு 1.5, பிளக் பாயின்ட்டுக்கு 2.5, கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், நல்ல எர்த் குழி, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் வையுங்கள், பெஸ்காமில் லோடு கூட்டவும் இப்போதே மனு கொடுங்கள். சுவரை மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாமான்களுக்கு எஸ்.ஜே.பி. ரோடு போனால் ஒரே நாளில் முடிந்துவிடும். 60க்கு 40 சைட்டோ அதற்கு மேலோ என்றால் பழைய வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், குழி தோண்டுகிற இந்த நேரத்திலேயே அதையும் செய்துவிடுங்கள்.

கரையானுக்கு, சுவரும் தரையும் சேருகிற ஓரத்தில் ஒரு அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து செலுத்துவார்கள். தரை வேலைக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், பலர் மறந்துவிட்டுப் புதுத் தரையில் துளை போடுகிறார்கள். குளியலறை தரையில் வாட்டர்ப்ரூஃப் செய்ததும் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழே கசியவில்லை என்று பார்த்த பிறகே டைல் ஒட்டச் சொல்லுங்கள்.

தரைக்கு வந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இருப்பதைப் பெயர்க்காதீர்கள். எழுபதுகளின் மொசைக் தரையை மெஷின் வைத்து அரைத்து பாலிஷ் போட்டால் புது டைலைவிட நன்றாக இருக்கும், செலவும் குறைவு. காவி நிற ரெட் ஆக்சைடு தரை இன்னும் அழகு. அதை ஆசிட் ஊற்றிக் கழுவிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய விட்டு, தேங்காய் எண்ணெயோ மெழுகோ தேய்த்துத் துணியால் துடைத்தால் அம்மா காலத்து மினுமினுப்பு திரும்ப வரும். காக்ஸ் டவுன் வீட்டைப் பார்க்க வந்த எல்லோரும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்துப் பார்த்தது அந்தத் தரையைத்தான். தேக்குக் கதவுகளும் அப்படியே, பழைய பெயிண்டை எடுத்துவிட்டு எண்ணெய் போட்டால் போதும். உடைந்துபோன ஜன்னலுக்கு பேம்பூ பஜார் பக்கமும் மைசூர் ரோடு மரக்கடைகளிலும் தேடிப் பாருங்கள், இடித்த வீட்டுச் சாமான்கள் கிடைக்கும்.

ஆட்களும் பணமும்

மொத்தமாக இவ்வளவு என்று பேசாதீர்கள். பழைய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மொத்தத் தொகை பேசினால் சண்டைதான் மிஞ்சும். சதுர அடிக்கு இவ்வளவு, ஓட்ட அடிக்கு இவ்வளவு என்று வேலைவாரியாக எழுதி, வாரம் ஒரு முறை அளந்து கொடுங்கள். கடைசி 10 சதவீதம் முதல் பெரிய மழைக்குப் பிறகுதான் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள், நல்ல மேஸ்திரிகள் இதற்கு மறுப்பு சொல்வதில்லை. அந்த மழை நாளில் வீட்டில் நீங்களே போய் உட்கார்ந்து ஒவ்வொரு மூலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாடகையா, விற்பனையா

வாடகைக்கு விடுவதில் பெரிய சூத்திரம் இல்லை. பதினொரு மாத ஒப்பந்தம், அட்வான்ஸ் இந்த ஊர் வழக்கப்படி பத்து மாதம் வரை கேட்பார்கள், நான் ஐந்துதான் வாங்குகிறேன், அதனால் நல்ல குடும்பங்கள் சீக்கிரம் வருகின்றன. வருமான வரிக் கணக்கில், வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் கழிவு உண்டு.

விற்பதாக இருந்தால் இருபத்து நான்கு மாதம் கையில் வைத்திருந்துவிட்டு விற்பது நல்லது. அதற்கு முன் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து அந்த வரி விகிதத்தில் போகும், அதன் பிறகு என்றால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய முறை குறைவாக வந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டை மேம்படுத்தச் செய்த செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம், ஆனால் பில் வேண்டும், வங்கி வழியாகக் கொடுத்த பணம் என்றால் இன்னும் நல்லது. அதனால் ஒரு கோப்பு போட்டு, சிமெண்ட் மூட்டை பில்லிலிருந்து இன்ஜினியர் அறிக்கை வரை எல்லாவற்றையும் தேதிவாரியாக வையுங்கள்.

காக்ஸ் டவுன் வீட்டை வாங்க வந்தவர் விலை பேசும் முன் அந்தக் கோப்பைத்தான் கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார், சுவர் மூடும் முன் எடுத்த ஒயரிங் போட்டோக்களையும் தங்கவயல் அம்மாவின் கையெழுத்து இருந்த பத்திரத்தையும் இரண்டு முறை பார்த்தார். பிறகு விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. சுண்ணாம்புச் சுவருக்கு அடுத்த முறை எதை அடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.